ஒரே குடும்பம், இரண்டு சாதிச் சான்றிதழ்

எங்கள் வீட்டுச் சான்றிதழில் பி.சி. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்காளி வீட்டுச் சான்றிதழில் எஸ்.சி. எங்கள் தாத்தா ஞானஸ்நானம் வாங்கினார், அவருடைய அண்ணன் வாங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே காலனியில்தான் ரெண்டு குடும்பமும் இருக்கிறோம், ஒரே குழாயடியில்தான் தண்ணீர் பிடிக்கிறோம், ஊர்த்தெருவில் ரெண்டு வீட்டுப் பெரியவர்களையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார்கள். அங்கே யாரும் "நீ மாதா கோயிலா, மாரியம்மன் கோயிலா" என்று கேட்டுவிட்டு மரியாதை கொடுத்ததில்லை.

ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்கள், எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர்கள் என்று பலர் எனக்கு போன் செய்வார்கள். "நமக்கு என்ன கம்யூனிட்டி போடறது, ஸ்காலர்ஷிப் வருமா, கெஜட்ல மதத்தை மாத்திட்டா எஸ்.சி. கிடைக்குமா" என்று ஒரே கேள்விகள்தான். மகளுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் காலனிப் பிள்ளைகளுக்கும் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கியதில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சட்டம். இது புரியாமல் எந்த ஆபீசுக்குப் போனாலும் அலைச்சல்தான். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1936ல் பட்டியல் போட்டபோதே, இந்தியக் கிறிஸ்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 ஆகஸ்ட் 10ம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தியில், இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தில் இருப்பவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்று இருந்தது. 1956ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். ஆகஸ்ட் 10ம் தேதியை தலித் கிறிஸ்தவர்கள் கருப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். பழங்குடியினர் பட்டியலில் இப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. எஸ்.டி. ஒருவர் எந்த மதத்துக்குப் போனாலும் அந்த ஆணைப்படி எஸ்.டி.தான். நமக்கு மட்டும் சாமியைப் பார்த்துத்தான் சாதியை முடிவு செய்கிறார்கள்.

இதை நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து வேலை செய்தவர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாக பெட்டிக்கடை கொடுத்தபோது, அதே தெருவில் அதே வேலை பார்த்த இவருக்கு இல்லை என்றார்கள். சூசை வழக்கு என்று சொல்வார்கள், 1985ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது, புது மதத்திலும் அதே அளவு கடுமையான சமூக, பொருளாதாரக் குறைபாடுகள் இருக்கின்றன என்று காட்ட வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்கள். காட்டுவதற்கு என்ன வேண்டும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் நடுவில் சுவர் கட்டி இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் ஒரு சாதி என்று புதைத்தது போதாதா? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008ல் ஒரே மாதா கோயிலைச் சேர்ந்தவர்களே சாதியால் அடித்துக்கொண்டு போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனதே, அது போதாதா? திருச்சபைக்குள் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இதைத் திருச்சபையை விட்டுப் போகாத, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற ஒருவனாகத்தான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு நிலவரம் கொஞ்சம் வேறு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், இங்கே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். மொத்த இடஒதுக்கீடான 69 சதவீதத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி.க்கு 1. "எஸ்.சி.யை விட பி.சி.க்குத்தான் சதவீதம் ஜாஸ்தி, அப்புறம் என்ன குறை" என்று படித்தவர்களே கேட்பார்கள். அந்த 26.5ல் நம் பிள்ளை யாரோடு போட்டி போடுகிறது என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள், பள்ளிக்கூடமே நடத்துகிறவர்கள் எல்லாம் அதில் உண்டு. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கட்-ஆஃப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், நல்ல கல்லூரிகளில் பி.சி. கட்-ஆஃப் பொதுப்பிரிவை ஒட்டியேதான் வரும். 2007ல் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாக 3.5 சதவீதம் கொடுத்துப் பார்த்தார்கள், இருந்த வாய்ப்பும் குறைகிறது என்று கிறிஸ்தவர் தரப்பே கேட்டுக்கொண்டு 2008ல் அது ரத்தானது.

மத்திய அரசு வேலை என்றால் நாம் ஓ.பி.சி. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வில் பங்காளி வீட்டுப் பையன் 37 வயது வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். என் பிள்ளை 35 வயது வரை, 9 தடவை. தனித்தொகுதியில் பங்காளி நிற்கலாம், நான் நிற்க முடியாது. இதெல்லாம் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சம்பவம் அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் காலனியிலிருந்து ஒரு சாவு ஊர்வலம் பொதுவழியில் போனபோது தகராறு ஆனது. ஊர்த்தெருப் பையன்கள் வழிமறித்தார்கள், வார்த்தை முற்றி அடிதடி ஆனது. என் தம்பிக்கும் பங்காளி வீட்டு அண்ணன் மகனுக்கும் அடி. ரெண்டு பேரையும் சாதிப் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள், ஒரே கட்டையால்தான் அடித்தார்கள், ஒரே ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது எழுத்தர் முதலில் கேட்டது ரெண்டு பேருடைய சாதிச் சான்றிதழை. அண்ணன் மகன் புகார் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போனது. என் தம்பியின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இவருக்கு அந்தச் செக்‌ஷன் வராதுங்க, பி.சி. ஆச்சே" என்று சொல்லி சாதாரண அடிதடி வழக்காகப் போட்டார். அவர் சட்டப்படி சொன்னது சரிதான். 1989ம் வருஷத்துச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும்தான். தம்பி தலையில் தையலோடு பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப என்னை எந்தச் சாதின்னு நெனச்சு அடிச்சாங்கண்ணே?" என்று கேட்டான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அரசு நிவாரணத் தொகையும் அண்ணன் மகனுக்குத்தான் வந்தது, என் தம்பிக்கு வரவில்லை. பங்காளி வீட்டுப் பெரியம்மா அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து தம்பி பெண்டாட்டி கையில் கொடுத்தார்கள்.

இப்படி இருக்கும்போது, பல குடும்பங்கள் ரெண்டு வாழ்க்கை வாழ்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? சர்ச்சில் ஒரு பெயர், ஸ்கூலில் ஒரு பெயர். கல்யாணப் பத்திரிகையை ரெண்டு விதமாக அடிப்பார்கள், வேதவசனம் போட்டது சொந்தக்காரர்களுக்கு, வசனம் இல்லாதது ஆபீசுக்கு. ஒரு பெண் எனக்குத் தெரியும், அரசு வேலையில் இருக்கிறாள், அப்பா இறந்தபோது கல்லறையில் சிலுவை வைக்கப் பயந்தாள். அப்படி வாழ்கிறவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மனசில் உள்ள சாமியை மறைத்தால்தான் உனக்கு உரியதைத் தருவேன் என்று சொன்னது அரசு. ஆனால் நீதிமன்றம் அப்படிப் பார்ப்பதில்லை, அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

2024 நவம்பர் 26ல் உச்ச நீதிமன்றம் செல்வராணி வழக்கில் சொன்ன தீர்ப்பை ஒருமுறை யாரையாவது வைத்துப் படித்துக் கேளுங்கள். புதுச்சேரிப் பெண், எழுத்தர் வேலைக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டவர். குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆனது, பெற்றோர் கல்யாணம் கிறிஸ்தவ முறைப்படி பதிவானது, சர்ச்சுக்கு வழக்கமாகப் போவது என்று எல்லாவற்றையும் விசாரணை அறிக்கையில் எடுத்து வைத்தார்கள். திரும்பவும் இந்து ஆனதற்கு சடங்கோ பகிரங்க அறிவிப்போ எதுவும் காட்ட முடியவில்லை. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ராமநாதபுரத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், இந்து பெற்றோருக்குப் பிறந்தவர், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதிகாரிகள் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. சிலுவை மாட்டியதாலோ, கணவரும் பிள்ளைகளும் கிறிஸ்தவர்கள் என்பதாலோ அவர் மதம் மாறிவிட்டார் என்று முடிவுக்கு வர முடியாது என்றது. ஆக, வேளாங்கண்ணி மாதா படம் வீட்டில் இருப்பதும் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. எங்கள் பங்காளி வீட்டிலும்தான் மாதா படம் இருக்கிறது. பெரியம்மா வருஷா வருஷம் நடந்தே வேளாங்கண்ணி போவார்கள். அவர்கள் இந்துதான், சான்றிதழுக்கு எந்தப் பிரச்சனையும் இல்லை. விஏஓ விசாரணைக்கு வந்து படத்தைக் காட்டி மிரட்டினால் பயப்படாதீர்கள், எடுத்து ஒளிக்கவும் வேண்டாம்.

"கெஜட்ல மாத்திட்டா போதுமா" என்ற கேள்விக்கு வருகிறேன். போதாது. 2015ல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களைக் கேட்டது. உங்கள் முன்னோர் பட்டியல் சாதிதான் என்பதற்கு ஆதாரம், நீங்கள் பழைய மதத்துக்கே திரும்பிவிட்டீர்கள் என்பதற்கு ஆதாரம், அந்தச் சாதியினர் உங்களைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஆதாரம். கெஜட் அறிவிப்பு என்பது பெயரும் மதமும் மாறியதை வெளியிடும் தாள் மட்டும்தான். ஏஜெண்டுகள் சிலர் காசு வாங்கிக்கொண்டு "எல்லாம் முடிச்சுத் தர்றேன்" என்பார்கள். அவர்கள் முடித்துக் கொடுத்த தாள் தாசில்தார் மேசை தாண்டிவிடலாம். வேலையில் சேர்ந்த பிறகு மாவட்ட விழிப்புக் குழு உண்மைத்தன்மை சரிபார்க்கும்போதுதான் பிரச்சனை கிளம்பும், அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகி, கடன் வாங்கி வீடு கட்டியிருப்பீர்கள். உண்மையிலேயே மனசார இந்துவாகவோ பௌத்தராகவோ மாற விரும்புகிறவர்கள் தாராளமாக மாறலாம், அது அவரவர் உரிமை. அப்படி என்றால் வீட்டில் எல்லோரும் தெரிந்து, ஊர் அறிய, பதிவு செய்து மாறுங்கள், மாறிய பிறகு பிள்ளைக்குப் புதுநன்மை (சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்குவது) கொடுக்கப் போகாதீர்கள்.

என் மகள் பிளஸ் டூ முடித்தபோது என் மாமா ஒருவர் இதைத்தான் சொன்னார், "ஒரு கையெழுத்து மாப்ளே, பாப்பா டாக்டர் ஆயிடும்." நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். நான் எதுவும் சொல்லவில்லை, அவளையே கேட்டேன். "எனக்கு சர்ச்சு பெரிசில்லப்பா. ஆனா அம்மா செபமாலை சொல்றப்ப கதவைச் சாத்திட்டுச் சொல்லணும்னா எனக்கு வேணாம்" என்றாள். பி.சி.யிலேயே கவுன்சலிங் போனாள், நர்சிங் கிடைத்தது. அவள் முடிவுதான் சரி என்று நான் யாருக்கும் பாடம் எடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சை கவுன்சலிங்குக்கு முந்தின வாரம் பேசாமல், பிள்ளை பத்தாவது படிக்கும்போதே பேசுங்கள். ஏனென்றால் டிசியில் மதம், சாதி என்று எழுதிய வார்த்தைதான் பின்னால் எல்லா விசாரணையிலும் முதலில் எடுக்கும் தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது டீச்சர் கேட்டதற்கு பாட்டி ஏதோ சொல்லி, அது அப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கும். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று இருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பே திருத்திக்கொள்வது எளிது, பொதுத்தேர்வுச் சான்றிதழ் வந்த பிறகு எதையும் திருத்துவது பெரிய பாடு.

பி.சி. சான்றிதழோடு இருக்கும் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது உதவித்தொகையில்தான். பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு "நாம பி.சி., நமக்கு வராது" என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்ற பிரிவில், எஸ்.சி.சி. என்று கல்லூரி ஆபீசில் சொல்வார்கள், தமிழ்நாடு அரசு தன் செலவில் ஆதிதிராவிடர் நலத்துறை மூலம் கொடுக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதற்குச் சான்றிதழில் வெறும் "கிறிஸ்தவர்" என்று இருந்தால் உதவாது, ஆதிதிராவிடரிலிருந்து மாறியவர் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பட்டியலில் எதைத் தேர்வு செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அவசரத்தில் தப்பான வரியை அழுத்திவிட்டால் பிறகு நாம்தான் அலைய வேண்டும். கல்லூரி கிளார்க் "உங்களுக்குக் கிடையாது" என்றால் அப்படியே திரும்பி வராதீர்கள். என் தம்பி மகளுக்கு ஒரு கல்லூரியில் அப்படித்தான் சொன்னார்கள், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலிருந்து போனில் பேசிய பிறகுதான் விண்ணப்பத்தையே வாங்கினார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், அதற்குச் சாதி கிடையாது.

மத்திய அரசுக் கல்லூரி, வங்கி, ரயில்வே என்று போகிறவர்களுக்கு மாநில பி.சி. சான்றிதழ் செல்லாது, ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதில் கிரீமிலேயர், அதாவது வசதியான குடும்பமா என்று பார்ப்பார்கள், வருமான வரம்பு எட்டு லட்சம். பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அதில் சேர்த்துக் கூட்டுவதில்லை, இது தெரியாமல் கிளார்க்குகளே மறுப்பதுண்டு.

எதை மறுத்தாலும் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். ஆன்லைனில் "நிராகரிக்கப்பட்டது" என்று மட்டும் வந்தால், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போவதற்கு அந்தத் தாள்தான் வேண்டும். அப்பாவின் சான்றிதழ், அப்பாவின் டிசி, தாத்தா பெயரில் உள்ள மனைப்பட்டா, கூடப்பிறந்தவர்கள் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். பங்காளி வீட்டு எஸ்.சி. சான்றிதழின் நகல் ஒன்றும் என் பைலில் இருக்கிறது. நாங்கள் எந்தச் சாதியிலிருந்து மாறியவர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் எங்களிடம் இல்லை.

அரசியல் பக்கம் என்ன நடக்கிறது என்றால், ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கி மதத்தையும் பட்டியல் சாதியையும் பிரித்துவிடச் சொல்லியது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2004லிருந்து இதே கோரிக்கையோடு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு கிடந்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டு, அதற்கும் காலம் நீட்டித்தார்கள். 2023 ஏப்ரலில் எங்களுக்கும் எஸ்.சி. அந்தஸ்து கொடுக்கச் சொல்லி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயில்பிள்ளை தாத்தா இதே கோரிக்கையோடு மனு எழுதிக் கையெழுத்து வாங்க வீடு வீடாக வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

பங்காளி வீட்டு அண்ணனுக்கும் எனக்கும் இதில் மட்டும் ஒத்துப்போகாது. "நீங்களும் உள்ளே வந்தா இருக்கிற 18ல எங்களுக்கு என்னடா மிஞ்சும், உங்களுக்காவது மிஷன் ஸ்கூல் இருந்துச்சு" என்பார். அவர் பயம் நியாயமானது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் எஸ்.சி. மக்கள்தொகை 20 சதவீதம், கொடுத்திருப்பது 18. மிஷன் ஸ்கூல் பற்றி அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அங்கே சேர்ந்து படித்த எங்கள் அப்பா தலைமுறையில் எத்தனை பேர் வாத்தியார் வேலை வரை போனார்கள், எத்தனை பேர் ஸ்கூல் வாட்ச்மேனாகவும் ஆயாவாகவும் நின்றுவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். நான் அவரிடம் கேட்பது இதுதான்: எங்கள் தலையையும் எண்ணி, அதற்குத் தகுந்த மாதிரி 18ஐ ஏற்றச் சொல்லி ரெண்டு வீடும் சேர்ந்து கேட்போம், உங்கள் பங்கிலிருந்து எடுத்து எங்களுக்குக் கொடுக்க வேண்டாம். குறைந்தபட்சம் வன்கொடுமைச் சட்டத்திலாவது எங்களைச் சேர்க்கச் சொல்வதற்கு நீங்கள் கூட வரவேண்டும், அதில் உங்கள் சீட்டு ஒன்றும் குறையாது. போன ஆகஸ்ட் 10ம் தேதி கூட்டத்துக்கு அண்ணன் வரவில்லை. அவர் மகன், அன்றைக்கு என் தம்பியோடு சேர்ந்து அடிவாங்கிய பையன், வந்து முழுக்க நின்றான்.